முதலில் பாட்டு, பிறகு நோட்டு: பியானோ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பியானோ ஆசிரியர்களுக்கு,

வீட்டு முன்னறையில் எலெக்ட்ரிக் கீபோர்டை வைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் முதல், இசைப் பள்ளியில் எட்டாம் கிரேடுக்கு மாணவரைத் தயார் செய்பவர் வரை எல்லோருக்கும் சேர்த்தே இம்மடல் எழுதப்படுகிறது. லண்டன் தேர்வு வாரியங்களின் பட்டியலில் பாக், மோட்சார்ட், ஷோபன் எல்லாம் வந்துபோன பிறகு, கடைசிப் பகுதியில் அவ்வப்போது ஓர் அமெரிக்கப் பெயர் தலைகாட்டும். ஸ்காட் ஜாப்ளின், ஜார்ஜ் கெர்ஷ்வின், ஏரன் காப்லண்ட், சாமுவேல் பார்பர் என்று யாராவது ஒருவர். பாக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது தேவாலயம், ஆர்கன், ஃபியூக் என்று அரை வகுப்பு விளக்கத்திலேயே போகும். இவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரே விளக்கம்தான்: 'ஜாலியான பீஸ்'. பிள்ளையும் அதை நம்பி, வேகமாக, சத்தமாக, பெடலை விடாமல் மிதித்தபடி வாசித்துத் தள்ளுகிறது.

இம்மடலின் கோரிக்கை ஒன்றுதான். அமெரிக்கப் பியானோ இசையின் சிறந்த பகுதி, வேறெங்கோ பாடப்பட்ட, ஆடப்பட்ட ஒன்றிலிருந்து எடுத்துக் கட்டப்பட்டது. தோட்ட அடிமைகளின் ஆட்டம், கூடாரப் பிரசங்கக் கூட்டத்துத் துதிப்பாட்டு, மாடு மேய்ப்பவனின் கதைப்பாட்டு, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தப் பாட்டு, பிராட்வே மெட்டு என அந்த மூலம் பலவகை. அதை மாணவரின் காதில் முதலில் போடுங்கள்; அதன் பிறகு நோட்டைப் பிரியுங்கள். அப்படிச் செய்தால் நடை, பெடல், விரல் அழுத்தம் எல்லாமே மாறும். எப்படி மாறும் என்பதற்குச் சில உதாரணங்கள் கீழே.

லூயி மோரோ காட்ஷாக்கிலிருந்து தொடங்கலாம். 1829இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தாய்வழிக் குடும்பம் இன்றைய ஹெய்தியிலிருந்து அடிமைகளின் புரட்சிக் காலத்தில் வெளியேறி வந்தது. பாட்டியும் வீட்டுத் தாதி சாலியும் சொன்ன கதைகளையும் பாடிய கிரியோல் பாட்டுகளையும் கேட்டு வளர்ந்த பையன், 13 வயதில் பாரிஸுக்கு அனுப்பப்பட்டான். அங்கே கன்சர்வேட்டரியின் பியானோப் பேராசிரியர் சிம்மர்மான், ஒரு சுரம்கூட வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் திருப்பி அனுப்பினார். நீராவி எஞ்சின் செய்யும் நாட்டிலிருந்து பியானோக் கலைஞன் எப்படி வருவான் என்பது அவருடைய எண்ணம். சில ஆண்டுகளில், இருபது வயது நிரம்பும் முன்பே, அந்தப் பையன் எழுதிய 'பாம்பூலா'வைப் பாரிஸ் நகரம் கொண்டாடியது.

பாம்பூலா ஒரு மேளம். அந்த மேளத்துக்கு ஆடும் ஆட்டத்துக்கும் அதே பெயர். இதைச் சொல்லாமல் அந்தப் பீஸைக் கொடுத்தால், தொடக்கத்தில் இடக்கை எழுப்பும் கனத்த அடிகளை மாணவர் வெறும் முன்னுரையாக எண்ணிக் கடந்துவிடுவார். மேளம் என்று தெரிந்தால் கை வேறுமாதிரி விழும். காட்ஷாக்கின் இன்னொரு பிரபலமான படைப்பு 'த பாஞ்சோ'. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த தந்தி வாத்தியத்தின் வழித்தோன்றல் பாஞ்சோ. அதை மீட்டுவதையும் சுண்டுவதையும் பியானோவில் அப்படியே நகலெடுக்கப் பார்த்திருக்கிறார். பெடலை ஊற்றினால் பாஞ்சோ செத்துவிடும். முடிவில் ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் 'கேம்ப்டவுன் ரேஸஸ்' மெட்டின் சாயல் ஓடிவரும். அந்தப் பாட்டு 1850இல், வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய மேடைக் கூத்துக்காக எழுதப்பட்டது. இதையும் மாணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். மெட்டு இனிமையானது என்பதற்காக அது எந்த மேடைக்கு எழுதப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

காட்ஷாக்கின் எல்லாப் படைப்புகளும் தங்கம் என்று இம்மடல் வாதாடவில்லை. கைவித்தை காட்டும் அலங்காரம் பல இடங்களில் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஆனால் 1857இல் எழுதிய 'போர்ட்டோ ரிக்கோ நினைவு' வேறு ரகம். கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுவீடாகப் போய்ப் பாடுகிறவர்களின் மெட்டு ஒன்று, தூரத்திலிருந்து நடந்து வந்து, நம்மைத் தாண்டி, மறுபடியும் தூரத்தில் தேய்கிறது. மெல்லிய ஒலியிலிருந்து பேரொலிக்குப் போய்த் திரும்புவதைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் அதிகம் இல்லை. 1869இல் ரியோ டி ஜனைரோவில் 40 வயதில் இறந்தார் காட்ஷாக்.

அடுத்தவர் ஜாப்ளின். இவரிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் வகுப்பறைகளில் அதிகம் அடிபடுகிறவர் இவரே.

டெக்சஸில், முன்னாள் அடிமையின் மகனாகப் பிறந்தவர் ஸ்காட் ஜாப்ளின். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜூலியஸ் வைஸ் என்ற இசையாசிரியர் பையனின் திறமையைப் பார்த்து ஐரோப்பிய இசையைச் சொல்லிக்கொடுத்தார். 1899இல் மிசௌரி மாநிலத்தின் செடேலியா ஊரில், ஜான் ஸ்டார்க் என்ற பதிப்பாளர் 'மேப்பிள் லீஃப் ராக்'கை வெளியிட்டார். பிரதிக்கு ஒரு சென்ட் ராயல்டி என்பது ஒப்பந்தம். அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்களின் மெட்டுகளைச் சில டாலருக்கு ஒரேயடியாக வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்ததால், அந்த ஒரு சென்ட் பெரிய விஷயம். பாட்டு பல ஆண்டுகள் விற்றது.

ராக்டைமின் அமைப்பை மாணவருக்கு விளக்குவது எளிது. இடக்கை ராணுவ பேண்டு வாத்தியத்தின் அணிவகுப்பு நடை: கீழே ஒரு சுரம், மேலே ஒரு கார்டு, திரும்பக் கீழே, திரும்ப மேலே. வலக்கை அந்த அடிகளின் மேல் உட்காராமல் இடையில் புகுந்து புகுந்து விளையாடும். அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைப் பாடிப் பழகிய பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். இந்த விளையாட்டின் வேர் கேக்வாக் ஆட்டத்தில் இருக்கிறது. தோட்டத்து முதலாளிகள் மிடுக்காக நடந்து ஆடுவதை அடிமைகள் கிண்டலாக ஆடிக்காட்டியது அது. நன்றாக ஆடிய ஜோடிக்குக் கேக் பரிசு. மிடுக்கான நடை என்றால் ஓட்டம் இல்லை. அதனால்தான் ஜாப்ளின் தன்னுடைய நோட்டுகளிலேயே, இதை வேகமாக வாசிக்காதீர்கள், ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியல்ல என்ற பொருளில் அச்சடித்துவைத்தார். மேப்பிள் லீஃபின் தலைப்பில் இருப்பதும் அணிவகுப்பு நடை என்ற குறிப்புதான். பட்டாசு மாதிரி வெடித்துத் தீர்க்கும் மாணவருக்கு, கேக்வாக் ஆடுபவர்களின் பழைய சலனப்படத் துணுக்கு ஒன்றைக் காட்டிவிட்டு, இந்த நடையில் ஆட முடியுமா என்று கேளுங்கள். வேகம் தானாகக் குறையும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். மூலத்தைக் கேட்டுவிட்டு மனம்போல வாசிக்கலாம் என்று ஜாப்ளின் சொல்லவில்லை. 1908இல் 'ஸ்கூல் ஆஃப் ராக்டைம்' என்ற சிறு பயிற்சி நூலை வெளியிட்டு, ஒவ்வொரு சுரமும் எழுதியபடியே வாசிக்கப்பட வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டவர் அவர். மதுக்கடைப் பியானோக்காரர்கள் தன் இசையைச் சிதைப்பதைப் பார்த்து நொந்தவர், தன்னை ஷோபன் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். 'பெத்தீனா' என்ற வால்ட்ஸையும் 'சோலஸ்' என்ற மெல்லிய ஹபனேராவையும் கேட்டவர்களுக்கு அந்த ஆசை மிகையாகத் தெரியாது. வகுப்பில் 'என்டர்டெய்னர்' ஒன்றையே திரும்பத் திரும்பக் கொடுப்பதை நிறுத்திவிட்டு இந்த இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

'ட்ரீமோனிஷா' என்ற ஆப்பராவைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் தானே பியானோ வாசித்து 1915இல் ஹார்லமில் ஒருமுறை நடத்திக் காட்டி, யாரும் கண்டுகொள்ளாமல், 1917இல் நியூயார்க்கில் இறந்தார். பல பத்தாண்டுகள் கல்லறையில் பெயர்கூட இல்லை. 1970இல் ஜாஷுவா ரிஃப்கின் நிதான நடையில் வாசித்த இசைத்தட்டும், 1973இல் வந்த 'த ஸ்டிங்' படமும்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தன. அந்தப் படத்தின் கதை 1930களில் நடக்கிறது. ராக்டைம் பழசாகிப் போயிருந்த காலம் அது. சினிமாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. 1976இல் ஜாப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் சொன்ன பிறகுதான் அமெரிக்கப் பெரிய இடங்கள் தங்கள் நாட்டுப் பாட்டை நிமிர்ந்து பார்த்தன என்பது கொஞ்சம் வெட்கக்கேடான உண்மை. 1892இல் நியூயார்க்கின் தேசியக் கன்சர்வேட்டரிக்கு இயக்குநராக வந்த அன்டோனின் ட்வோர்ஷாக்குக்கு, அங்கே மாணவராக இருந்த ஹாரி பர்லி என்ற கறுப்பின இளைஞர், ஸ்பிரிச்சுவல் எனப்படும் கறுப்பினப் பக்திப் பாட்டுகளைப் பாடிக்காட்டினார். மறு ஆண்டு, அமெரிக்காவின் வருங்கால இசை இந்தக் கறுப்பின மெட்டுகளின் மேல்தான் எழும்ப வேண்டும் என்று ட்வோர்ஷாக் பத்திரிகையில் சொல்லப் பெரும் வாதம் கிளம்பியது.

அந்தச் சொல்லைச் செயலாக்கிக் காட்டியவர்களில் இருவரை நம் வகுப்பறைகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. ஒருவர் நத்தேனியல் டெட். 1913இல் வந்த அவருடைய 'இன் த பாட்டம்ஸ்' தொகுப்பின் கடைசிப் பகுதி 'ஜூபா டான்ஸ்'. இன்னொருவர் ஃபுளோரன்ஸ் பிரைஸ்.

ஜூபா என்றால் என்ன? 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளச் சத்தமே செய்தி அனுப்பும் வழியாகப் பயன்படுகிறது என்று பயந்த ஆட்சியாளர்கள் அடுத்த ஆண்டே சட்டம் போட்டு மேளத்தைத் தடைசெய்தார்கள். தோலை இழுத்துக் கட்டிய மேளம் போனால் என்ன, உடம்பு இருக்கிறதே! தொடையில் தட்டி, நெஞ்சில் தட்டி, கைகொட்டி, பாதத்தால் தரையை மிதித்துத் தாளம் எழுப்பினார்கள். தோட்டங்களில் ஜூபா ஆட்டம் நடந்தது இந்த உடல் தாளத்தின் மேல்தான். டெட்டின் பீஸில் இடக்கை காலடி, வலக்கை கைதட்டல். பியானோவை மூடிவைத்துவிட்டு மாணவரை எழுந்து நிற்கச் சொல்லி, தொடையில் ஒரு பத்து நிமிஷம் தட்டவையுங்கள். கூச்சப்படுகிற பிள்ளைகள்கூட இதில் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொள்ளும்.

பிரைஸ் 1887இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் பிறந்தார். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்தார். தெற்கில் நிறவெறிக் கொலைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1927இல் குடும்பத்தோடு சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தார். 1932இல் வானமேக்கர் போட்டியில் அவருடைய இ மைனர் சிம்பொனி முதல் பரிசு பெற்றது. இ மைனர் பியானோ சொனாட்டாவுக்கும் பரிசு கிடைத்தது. 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அந்தச் சிம்பொனியை வாசித்தபோது, ஒரு கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்த முதல் பெரிய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா அதுவே. அதன் மூன்றாம் பகுதியும் ஜூபாதான். பியானோவுக்கு அவர் எழுதிய முதல் 'ஃபான்டஸி நெக்ர்' ஒரு ஸ்பிரிச்சுவலை எடுத்து, லிஸ்ட் பாணி அலங்காரங்களுக்கு நடுவே உட்காரவைக்கிறது. மூலப் பாட்டைக் கேட்காத மாணவர் அலங்காரத்தை மட்டும் வாசிப்பார். கேட்டவருக்கு, இருபது சுரங்களுக்கு நடுவில் எந்த ஐந்து சுரம் பாடுகிறது என்பது தெரியும்.

1953இல் பிரைஸ் இறந்ததும் மறதி மூடியது. 2009இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் ஊரில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் புதுப்பிக்க வந்த தம்பதியர், கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார்கள். அது ஒருகாலத்தில் பிரைஸின் கோடைக்கால வீடு. இன்று மேடைகளில் ஒலிக்கும் அவருடைய இசையில் கணிசமான பகுதி அந்த வீட்டிலிருந்து வந்தது. அவரிடம் பயின்ற மார்கரெட் பாண்ட்ஸ், 'வேட் இன் த வாட்டர்' என்ற ஸ்பிரிச்சுவலை எடுத்து 'ட்ரபிள்ட் வாட்டர்' எழுதினார். மூத்த மாணவர்களின் கச்சேரிக்கு இதைவிடப் பொருத்தமான முடிவுப் பீஸ் கிடைப்பது கடினம்.

இனி கெர்ஷ்வின். 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, பாட்டு நோட்டு விற்கும் நிறுவனம் ஒன்றில் நாள் முழுக்கப் பியானோ வாசித்துப் புதுப் பாட்டுகளை வாடிக்கையாளருக்குக் காட்டும் வேலைக்குப் போனவர். விரல் பழகியது அங்கேதான். 1924 ஜனவரியில், பேண்டுத் தலைவர் பால் வைட்மனின் கச்சேரிக்காக ஜாஸ் கான்செர்ட்டோ ஒன்றை அவர் எழுதிக்கொண்டிருப்பதாக நாளிதழில் செய்தி வந்தது. எழுதிக்கொண்டிருப்பவருக்கே அது புதுச் செய்தி! சில வாரங்களில் எழுதி முடித்தார்; ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்துக் கொடுத்தவர் ஃபெர்டி குரோஃபே. பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் அரங்கில் 'ராப்சடி இன் புளூ' அரங்கேறியபோது, தனிப் பியானோ வரும் சில இடங்களில் நோட்டே எழுதப்படவில்லை. அவர் தலையசைக்கும்வரை காத்திரு என்று வைட்மனுக்கு நோட்டில் குறிப்பு போட்டிருந்தார்கள்.

வகுப்புக்குப் பயன்படுவது அவருடைய மூன்று பிரெலூடுகள். 1926 டிசம்பரில் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் அவரே வாசித்தார். நடுவில் உள்ளது புளூஸ் தாலாட்டு. புளூஸ் பாடகர் மூன்றாம் சுரத்தைச் சாதாரண காந்தாரத்திலும் நிறுத்தமாட்டார், அந்தர காந்தாரத்திலும் நிறுத்தமாட்டார். இரண்டுக்கும் நடுவே இழைப்பார். நமக்குக் கமகம் பழகிய காது, இது புரியும். பியானோவில் சுரத்தை இழைக்க வழியில்லை. அதனால் அடுத்தடுத்த இரு கட்டைகளை உரசவிட்டு அந்த மயக்கத்தை வரவழைக்கிறார்கள். மாணவருக்கு அது தப்புச் சுரம்போலப் படும். வெட்கப்பட்டு மெல்ல அழுத்துவார். பெஸ்ஸி ஸ்மித் பாடிய ஏதாவது ஒரு புளூஸை இரண்டு முறை கேட்கவையுங்கள். உரசலை ஒளிக்காமல் அழுத்தத் தொடங்குவார்.

பெடலைப் பற்றி கெர்ஷ்வினே எழுதிவைத்திருக்கிறார். தன் 18 பாட்டுகளைப் பியானோவுக்கு அமைத்து 1932இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், செவ்வியல் பயிற்சி பெற்றவர்கள் ஜாஸிலும் ராக்டைமிலும் பரிதாபமாகத் தோற்பதற்குக் காரணம், ஷோபனுக்கு மிதிக்கிற பெடலை டபிள்யூ. சி. ஹேண்டியின் புளூஸுக்கும் மிதிப்பதுதான் என்கிறார். இந்த இசை எவ்வளவு கறாராக, வெட்டி வெட்டி ஒலிக்கிறதோ அவ்வளவு எடுபடும் என்பது அவர் கட்சி. அந்த நூலே ஒரு நல்ல பாடப்புத்தகம். முதலில் பாட்டு சாதாரணமாக வரும், பிறகு அதையே அவர் எப்படித் திருப்பி வாசிப்பார் என்பது வரும். மூலமும் படைப்பும் எதிரெதிரே அச்சாகியிருக்கும்போது ஆசிரியருக்குத் தேடும் வேலைகூட இல்லை.

கெர்ஷ்வினைச் சொல்லிவிட்டு ஜேம்ஸ் பி. ஜான்சனை விட்டால் அது அநியாயம். அவருடைய 'கரோலினா ஷவுட்', நியூயார்க்கில் குடியேறிய கரோலினாக்காரர்களின் ஆட்டத்துக்காக வாசித்து உருவானது. இளவயது டியூக் எலிங்டன், பியானோ ரோலை மெதுவாக ஓடவிட்டு, இறங்கும் கட்டைகளின் மேல் விரலை வைத்து வைத்து அதைக் கற்றார். காதால் கற்பதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

காப்லண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். புரூக்ளினில் பிறந்து, பாரிஸில் நாதியா பூலாஞ்சேயிடம் பயின்று திரும்பியவர், 1927இல் பாஸ்டனில் அரங்கேறிய பியானோ கான்செர்ட்டோவில் ஜாஸைத் தாராளமாகக் கையாண்டு ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். பிறகு ஜாஸில் இரண்டே மனநிலைகள்தான் இருக்கின்றன, சோகமும் துள்ளலும், என்று சொல்லி விலகிப் போனார். இது சரியான தீர்ப்பு என்று தோன்றவில்லை. அவருடைய 'நான்கு பியானோ புளூஸ்' தொகுப்பே அதற்கு மறுப்பு. நாலும் சின்னவை, நாலுக்கும் மனநிலை வேறுவேறு. ஒரு கிளைச் செய்தி: அதே தலைமுறையைச் சேர்ந்த ஹென்றி கௌவல், அயர்லாந்துக் கதைகளில் வரும் பேய்க்காக 'த பான்ஷி' எழுதி, பியானோவின் தந்திகளைக் கையால் தேய்த்து அலறவைத்தவர். 1930களின் தொடக்கத்தில் பெர்லினில் நம் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக இசை கற்றதும் அவரே. பிற்காலத்தில் தன் 13ஆவது சிம்பொனிக்கு 'மதராஸ்' என்று பெயர் வைத்தார்.

சார்லஸ் ஐவ்ஸ் கடினமானவர். 'கான்கார்ட் சொனாட்டா'வில் ஓரிடத்தில் 14¾ அங்குல மரச் சட்டத்தால் கட்டைகளை மொத்தமாக அழுத்தச் சொல்கிறார். ஆனால் அதே சொனாட்டாவின் மூன்றாம் பகுதி 'த ஆல்காட்ஸ்' நல்ல மாணவரின் கைக்கு எட்டக்கூடியது. எழுத்தாளர்களான ஆல்காட் குடும்பத்தின் வீட்டுப் பழைய பியானோவில் சிறுமி பெத், ஸ்காட்லாந்து மெட்டுகளையும் பீத்தோவனையும் வாசித்துக்கொண்டிருப்பதை நினைத்து எழுதியது. காப்பீட்டு நிறுவனம் நடத்திக்கொண்டே இரவில் இசை எழுதியவர் ஐவ்ஸ். தந்தை ஜார்ஜ், கனெக்டிகட்டின் டான்பரி ஊரில் பேண்டு மாஸ்டர். பிரசங்கக் கூடாரத்தில் ஒரு கிழக் கல்தச்சர் சுருதி விலகி அலறிப் பாடுவதைப் பற்றி யாரோ குறைசொன்னபோது, சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் இசையைத் தவறவிட்டுவிடுவீர்கள் என்று ஜார்ஜ் பதில் சொன்னதாக மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஐவ்ஸின் 'தப்பான' கார்டுகளை அந்தக் கல்தச்சர் பாடுவதாக நினைத்து வாசித்தால் அவை பொருந்திப் போகின்றன.

பார்பரின் 'எக்ஸ்கர்ஷன்ஸ்' தேர்வுப் பட்டியல்களுக்குப் பழக்கமானது. 1940களின் முற்பாதியில் எழுதிய நான்கு பீஸ்கள்: பூகி-வூகி, புளூஸ், கௌபாய் பாட்டு, கொட்டகை நடனம். மூன்றாவது 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ' என்ற சாகும் கௌபாயின் கதைப்பாட்டிலிருந்து வந்தது. அந்தக் கதைப்பாட்டோ பிரிட்டிஷ்-ஐரிஷ் நாட்டுப்பாடல் ஒன்று கடல் தாண்டி வேடம் மாற்றிக்கொண்டது. ஒரு கையில் ஏழு, மறு கையில் எட்டு என்று பார்பர் கோக்கும் தாளக் கணக்கில் மாணவர் தலை சுற்றி நிற்பார். பாட்டை வாயால் பாடத் தெரிந்துவிட்டால், ஏழின் கணக்கைப் பாட்டு சுமந்துகொள்ளும். எட்டின் கணக்கைக் கை பார்த்துக்கொள்ளும்.

இந்த வரிசையில் மிகவும் துணிச்சலானவர் ஃபிரெட்ரிக் ஷெவ்ஸ்கி. 1970களின் கடைசியில் எழுதிய 'நார்த் அமெரிக்கன் பாலட்ஸ்' நான்கும் உழைப்பாளிகளின், போராட்டக்காரர்களின் பாட்டுகளின் மேல் கட்டியவை. லூத்தரன் துதிப்பாடல்களை எடுத்துப் பாக் ஆர்கனுக்கு விரித்தாரே, அந்த வழியைத்தான் இவர் தொழிற்சங்கப் பாட்டுக்குப் பிடித்தார். 1931இல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்ட்டியில் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம். சங்கத் தலைவர் ஒருவரைத் தேடி ஷெரிஃபின் ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்து துழாவினார்கள். அவர்கள் போன பிறகு, அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவர்க் காலண்டரின் தாளைக் கிழித்து, தேவாலயத்தில் கேட்ட பழைய மெட்டுக்குப் புதிய வரிகள் எழுதினார். அதுதான் 'விச் சைட் ஆர் யூ ஆன்'. ஷெவ்ஸ்கியின் கையில் அது சிதறி, மோதி, கடைசியில் திரண்டு வருகிறது. 'வின்ஸ்பரோ காட்டன் மில் புளூஸ்' இன்னும் முரட்டுத்தனமானது. முதலில் கீழ்க்கட்டைகளில் தறி எந்திரத்தின் இரைச்சல்தான் கேட்கும். பிறகு முழங்கை வரைக்கும் வேலை கொடுத்துப் பக்கங்கள் ஓடும். அதற்கு அடியிலிருந்து தொழிலாளியின் புளூஸ் தலைதூக்கும். மில் ஊர்களில் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் தறிச் சத்தத்துக்குத் தனியாக விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

இதெல்லாம் பெரிய பிள்ளைகளுக்குத்தான், முதல் கிரேடுக் குழந்தைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ரூத் கிராஃபோர்டு சீகர் அதற்கே பதில் வைத்திருக்கிறார். 1930இல் இசையமைப்புக்காக குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் பெண் அவர். கரடுமுரடான நவீன இசையில் பெயர் எடுத்தவர். பிறகு லோமாக்ஸ் குடும்பத்தார் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த நாட்டுப் பாடல்களைக் கேட்டுக் கேட்டு நோட்டாக எழுதும் பணியில் இறங்கினார். அந்தச் சமயத்தில், 1930களின் பிற்பாதியில், தொடக்கநிலை மாணவர்களுக்கென்று நாட்டுப் பாடல்களைப் பியானோவுக்கு அமைத்தார். அச்சுக்கு வந்ததென்னவோ அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல். எளிமையானவை, ஆனால் அசட்டு இனிப்பு இல்லை. இடக்கை சும்மா கார்டு பிடித்துக்கொண்டிராமல் பாஞ்சோ மாதிரியும் ஃபிடில் மாதிரியும் தன் பாட்டுக்கு ஒரு வேலை செய்யும்.

இறுதியாக நடைமுறை. இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் பதிப்புரிமை தீர்கிறது. ஆகவே காட்ஷாக், ஜாப்ளின், டெட், கெர்ஷ்வின் ஆகியோர் தங்கள் காலத்தில் வெளியிட்டவற்றுக்குப் பழைய பதிப்புகளின் பிரதிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பிரைஸின் இசையில் அவர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சானவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பாண்ட்ஸ், பார்பர், காப்லண்ட், ஷெவ்ஸ்கி நோட்டுகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை இவர்கள் விஷயத்திலாவது விடுங்கள்.

இன்னொரு சிறு வேண்டுகோள். அடுத்த மாணவர் கச்சேரிக்கு நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கும்போது இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்தாமல், அதன் கீழே சின்ன எழுத்தில் மூலத்தையும் போடுங்கள். 'பாம்பூலா' என்றால், நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் பாட்டு. 'ஜூபா டான்ஸ்' என்றால், மேளம் தடைசெய்யப்பட்ட தோட்டங்களின் உடல் தாளம். 'விச் சைட் ஆர் யூ ஆன்' என்றால், ஃபுளோரன்ஸ் ரீஸ், ஹார்லன் கவுண்ட்டி, 1931. மேடையில் நேரம் இருந்தால், பியானோ தொடங்கும் முன் இன்னொரு மாணவர் அந்த மூல மெட்டை ஒரு நிமிஷம் பாடட்டும். குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, டான்பரி கல்தச்சர் நமக்கு முன்னோடி.

இப்படிக்கு,
மாணவர் கச்சேரிகளில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு ரசிகர்